அளவுகள் ஒத்துவராத நாள்

“...கவிழ்த்துத் தட்டிக் காட்டிட்டுத்தான் எங்க மில்லுல மரக்கால்ல நெல்லே அளப்பாங்க. உங்க குடுவையையும் முதல்ல சோதிச்சுப் பாருங்க சார், அப்புறம் என்னைய நிறுத்துங்க.”

சொன்னவர், திருச்சியில் நான் வேலை பார்த்த சோப்புத் தொழிற்சாலையின் லேபில் கண்ணாடிச் சாமான் கழுவிய அம்மாள். மண்ணச்சநல்லூர் அரிசி மில்லிலிருந்து வந்தவர். எதிரே நின்றவர் ஸ்ரீரங்கத்திலிருந்து சைக்கிளில் வரும் கெமிஸ்ட். நடுவே குற்றவாளி நான். அது எனக்கே அப்போது தெரியாது.

அறுபதுகளின் தொடக்கம். பழைய புத்தகம் ஒன்றை வாங்கி சொட்டுவிட்டு அளக்கும் டைட்ரேஷனை நானாகவே கற்றவன் நான். அன்று வந்த அமிலத்தின் மோலாரிட்டியை, அதாவது செறிவை, கண்டுபிடிக்க வேண்டும். குடுவையில் இருபது மில்லி காஸ்டிக் சோடாக் கரைசல், ரோஸ் நிறத்துக்கு இரண்டு சொட்டு ஃபினால்ஃப்தலின். அந்த நிறம் மறைய அளவுக் கோடிட்ட ப்யூரெட் குழாயிலிருந்து எவ்வளவு அமிலம் இறங்குகிறது என்பதுதான் கணக்கு. மூன்று முறை செய்தேன்: 20.9, 20.4, 21.3. இரண்டு அளவாவது ஒத்துப்போனால்தானே வகுக்க முடியும்?

“சலவைச் சோடா போட்டுத் தேச்சுட்டு சரியா அலம்பலை. அதான் அமிலத்தைக் குடிக்கறது. நாளையிலேர்ந்து வர வேண்டாம்மா” என்றார் கெமிஸ்ட். அதற்குத்தான் அம்மாளின் அந்த மரக்கால் பதில்.

அம்மாள் கழுவி வைத்திருந்த குடுவையில் காய்ச்சி வடித்த தண்ணீரும் இரண்டு சொட்டு ஃபினால்ஃப்தலினும் விட்டார் கெமிஸ்ட். சோடா இருந்தால் ரோஸ் ஆகும். ஆகவில்லை.

“நீர் பண்ணும் ஓய், பார்க்கறேன்” என்றார் என்னிடம்.

கரைசலை அளந்தெடுக்கும் பிப்பெட்டைக் காஸ்டிக்கால் அலசினேன். குடுவையிலும் அதையே ஊற்றி அலசினேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

“குடுவைக்குத் தண்ணி போதுமே ஓய்! ஒட்டிண்டிருக்கற காஸ்டிக்கும் சேர்ந்துன்னா அமிலத்தைக் குடிக்கும்! புஸ்தகத்துல போடலையா?”

“அந்தப் பக்கம் கிழிஞ்சிருந்தது சார். பிப்பெட்டுக்குச் செய்யிற மரியாதை குடுவைக்கும்னு நானே...”

“உங்க மரியாதை என் சோத்துல மண்ணள்ளிப் போட்டிருக்குமே!” என்றார் அம்மாள்.

தண்ணீரால் மட்டும் அலசிச் செய்தேன்: 19.6. காஸ்டிக்கின் வலிமை 0.1, இருபதால் பெருக்கி 19.6-ஆல் வகுத்தால் 0.102.

“ஒரு தடவை வந்தா தற்செயல். இன்னொண்ணும் ஒத்துப்போகட்டும், அப்புறம் இவா வேலையைப் பத்திப் பேசலாம்” என்றார் கெமிஸ்ட்.

ஒரு சொட்டும் கூடிவிடக் கூடாதென்று ப்யூரெட்டின் குழாயை இரண்டு கையாலும் பிடித்தேன். குடுவையைச் சுழற்றக் கை இல்லை.

“நீங்க குழாயைப் பாருங்க சார், இதை நான் ஆட்டுறேன்” என்று குடுவையைப் பிடித்தார் அம்மாள்.

அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். அடிபட்ட கை அணைத்ததை அன்று பார்த்தேன். அந்த நன்றி இன்னும் எனக்குத் தீரவில்லை.

அரிசி அரிப்பதுபோல் நிதானமாகச் சுழற்றினார். 19.5. இன்னும் இரண்டு சொட்டு. 19.6-இல் நிறம் போயிற்று; முந்தைய அளவோடு அப்படியே ஒத்தது. நான் குழாயை மூடியதுதான் தாமதம், அவர் குடுவையைத் தூக்கி கெமிஸ்ட்டின் கண்ணுக்கு நேரே பிடித்தார்.