தொட்டிக்காரி

இன்று எங்கள் செம்மஞ்சேரி குடியிருப்பில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ மூடியைத் திறந்தார்கள். பாசி வாசனை மூக்கில் ஏறியதும், அடையாற்றங்கரையில் எங்கள் பழைய வீட்டுக்குப் பின்னாலிருந்த சிமெண்ட் தொட்டி நினைவுக்கு வந்துவிட்டது.

கொசுப் புழுவைத் தின்னட்டும் என்று மாநகராட்சிக்காரர்கள் அதில் கப்பி மீன்களை விட்டிருந்தார்கள். அவை நாளுக்கு நாள் குறைந்தன. நான்தான் பிடித்து பாட்டிலில் ஒளித்துவைக்கிறேன் என்று அம்மா என் முதுகில் இரண்டு போட்டாள். தின்பது யாரென்று எனக்குத் தெரியும். தொட்டி விளிம்பில் என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலந்தி, பின்கால்களால் சிமெண்டைப் பற்றிக்கொண்டு, தூங்கும் குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல முன்கால்களைத் தண்ணீரின் மேல் அவ்வளவு மெதுவாக வைத்து, நான் பள்ளிக்கூடம் கிளம்பும்வரை அசையாமல் உட்கார்ந்திருக்கும். வலை பின்னாது, மீன் அசைந்தால் தண்ணீர் அசையும், அதற்கு அது போதும். சொன்னால் அம்மா அதைத் துடைப்பத்தால் அடித்துவிடுவாள் என்று நான் வாயைத் திறக்கவில்லை.

ஒருநாள் பாத்திரம் தேய்க்க வந்த அம்மாவின் கண்ணெதிரிலேயே அது பாய்ந்து, தன் உடம்பைவிட நீளமான மீனை இழுத்துக்கொண்டு மேலே ஏறியது.

"இன்னா பொறுமை பாத்தியா, இந்தத் தொட்டிக்காரிக்கு" என்று சொல்லிவிட்டு, சாம்பல் கையோடு என் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

எங்களைச் செம்மஞ்சேரிக்கு அனுப்பிவிட்டு ஆற்றங்கரை வீடுகளை இடிக்க அதிகாரிகள் வந்த காலையில், சாமான்களெல்லாம் வண்டியில் ஏறிய பிறகு, தண்ணி லாரியில் முட்டி மோதிப் பிடித்த கடைசிக் குடத்தை அம்மா அந்தத் தொட்டியில் கவிழ்த்தாள்.

"இனிமே அதுக்கு யாரு ஊத்துவாங்க" என்றாள்.