பெரியப்பாவின் துணிச்சல், அத்தையின் திமிர்

சிங்கப்பூரிலிருந்து வந்த பெரியப்பாவின் கடிதத்தை அப்பா உரக்கப் படித்த காலை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. பெருமைக்காக இங்கிலீஷில்தான் எழுதுவார். கம்பெனி உத்தியோகத்தை உதறிவிட்டாராம்; ஒரு டைப்ரைட்டர் வாங்கி, தெருவைப் பார்த்த அறையில் சொந்தமாகப் போர்டு மாட்டிவிட்டாராம். 'இனி யார் முன்னாலும் கைகட்டி நிற்க வேண்டாம்' என்று முடித்திருந்தார். "ஆம்பிளைன்னா அவன்" என்றார் தாத்தா. அன்று வீட்டில் பால் பாயசம்.

அத்தை, அப்பாவின் தங்கை, வலியசாலையில் எங்களுக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருந்தாள். சாலைக் கடைத்தெருவில் ஒரு வியாபாரியின் ஆபீஸில் டைப்பிஸ்ட். கல்யாணமான மறுவாரமே மானேஜர் அவளைக் கூப்பிட்டு, "கல்யாணம் கழிஞ்சில்லே, இனி எதுக்கு ஜோலி?" என்று மலையாளத்தில் கேட்டு, வேலையை விட்டு அனுப்பிவிட்டார். அதே வேலையைச் செய்த ஆண்களில் கல்யாணமாகாதவர் ஒருவர்கூட இல்லை. அத்தை அழவில்லை. பழைய மெஷின் ஒன்றை வாங்கினாள். 'மனுக்கள் டைப் செய்து தரப்படும்' என்று வாசலில் போர்டு மாட்டினாள். ஆணி அடித்துக் கொடுத்தது அவள் கணவர், எங்கள் அத்திம்பேர்.

இதற்குப் பாயசம் இல்லை. "புருஷன் சம்பாதிக்கறது போறலையா?" என்று தெரு கேட்டது. தாத்தா அதைத் திமிர் என்றார். பெரியப்பாவோ சிங்கப்பூரிலிருந்து எழுதினார்: 'குடும்பப் பெண் தெருவில் போர்டு மாட்டுவது நமக்கு இழுக்கு. உடனே கழற்றச் சொல்.'

அப்பா தயங்கித் தயங்கி அதைப் படித்துக் காட்டினார். அத்தை கேட்டது ஒன்றுதான். "அண்ணா, பெரியண்ணா முன்னே எழுதின லெட்டர் இருக்கா? குடு."

அந்தக் கடிதத்தை அப்படியே டைப் அடித்தாள். ஊர்ப் பெயரை மாற்றி, அடியில் தன் பெயரைப் போட்டு சிங்கப்பூருக்கு அனுப்பினாள். "வேற ஒரு வார்த்தை மாத்தலை" என்றாள்.

பதில் வரவில்லை. போர்டும் இறங்கவில்லை. தாத்தா சாகும்வரை அவள் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. அத்தை முப்பது வருஷம் ஊராருக்கு மனு அடித்துக் கொடுத்தாள்.

போன மாதம் பெரியப்பாவின் கொள்ளுப்பேரன் குடும்ப மலர் ஒன்றை அச்சிட்டு அனுப்பினான். பெரியப்பா படத்தின் கீழே 'சுயமாக உயர்ந்த தொழிலதிபர்.' அத்தையின் கீழே 'இல்லத்தரசி.' போன் பண்ணிக் கேட்டேன்.

"அவங்க வீட்லதானே இருந்தாங்க, பாட்டி?" என்றான்.

அவன் கெட்டவன் இல்லை. அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.