சின்ன வாட்ச்சின் பக்கம்

எங்கள் தெருவில் என் அப்பாவுக்குப் பெரிய வாட்ச் என்று பெயர். அவருடைய தம்பி, என் சித்தப்பா, சின்ன வாட்ச். இருவரும் கடிகாரம் பழுது பார்ப்பவர்கள். ஒரே கடையில் ஒரே மேசைக்கு இரு பக்கமும் உட்கார்ந்து வேலை செய்தவர்கள், நான் பள்ளி முடித்த வருஷம் பிரிந்து, எதிரும் புதிருமாகக் கடை வைத்துக்கொண்டார்கள். பிரிந்ததுதான் பிரிந்தார்கள், நாலு தெரு தள்ளிப் போயிருக்கக் கூடாதா? சாலைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். காலையில் இருவரும் ஒரே நேரத்தில் ஷட்டரைத் தூக்குவார்கள். ஒருவருடைய ஷட்டர் சத்தம் மற்றவர் காதில் விழவே விழாது.

சித்தப்பா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. லென்ஸ் மாட்டி மாட்டி, அது இல்லாதபோதும் வலது கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் பேசுவார். புதிதாகப் பார்ப்பவர்கள் கண்ணடிக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். நான் முதன்முதலில் படம் போட்டது அவர் தந்த அட்டையில்தான், கடிகாரப் பெட்டிக்குள் வரும் வெள்ளை அட்டை. "வீட்ல யாரும் பாராட்டலன்னா என்கிட்ட கொண்டு வா" என்பார். கொண்டு போனால் பாராட்டவும் மாட்டார். "எல்லாம் சரி, மூக்கு எங்க?" என்பார். சண்டைக்குப் பிறகும் நான் அங்கே போய்க்கொண்டுதான் இருந்தேன். அப்பா தடுக்கவில்லை.

சண்டை இதுதான். வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போன கைக்கடிகாரம் காணாமல் போயிற்று. அவர் வந்து கேட்டபோது கடை நிறைய ஆள். அப்பாவுக்கு எரிச்சல். "எனக்கென்ன தெரியும்? என் தம்பியைக் கேளுங்க, அவன் கைதான் எல்லாத்துலயும் இருக்கும்" என்று சொல்லிவிட்டார். வாய் தவறியதோ, ஆத்திரமோ, கொட்டியதை அள்ள முடியுமா? சித்தப்பா தன் இடுக்கியைத் துடைத்து உறையில் வைத்து, எழுந்து போனார். பிறகு ஐந்து வருஷம் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

இந்த இருவரையும் வைத்துக்கொண்டு நான் ஓவியக் கல்லூரியில் கடைசி வருஷத்துக்கு வந்தேன். அந்த வருஷம் கையால் புத்தகம் செய்யும் வகுப்பு. நூல் மேடம் என்று நாங்கள் பெயர் வைத்த ஆசிரியை எங்களைவிட ஏழெட்டு வயதுதான் பெரியவர். முதல் நாளே ஆளுக்கொரு பழைய டைரியைக் கொடுத்து, "பிரிச்சுப் போடுங்க" என்றார். அட்டையை உரித்து, பசையைச் சுரண்டி, நூலை ஒவ்வொன்றாக அறுத்தோம். அதுவரை புத்தகம் என்றால் தாள்களின் அடுக்கு என்றுதான் நினைத்திருந்தேன். முழுத்தாள்களை இரண்டாக மடித்து, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி, மடிப்பில் தைத்திருப்பார்கள் என்று அன்றுதான் கண்ணால் பார்த்தேன். முன்னால் ஒரு பாதி இருந்தால், பின்னால் எங்கோ அதன் மறுபாதி இருக்கும்.

அந்த மாதங்களை நினைத்தால் இன்றைக்கும் மூக்கில் மைதா பசையின் வாசனை வருகிறது. அம்மாவின் பாத்திரத்தில்தான் காய்ச்சினேன். "இனிமே உனக்கு இந்தப் பாத்திரத்துலதான் சாப்பாடு" என்றாள் அம்மா. தாளுக்கும் ஓட்டம் உண்டு, அதன் போக்கில் மடித்தால் படியும், எதிர்த்து மடித்தால் வெடிக்கும் என்று ஒரு கட்டுத் தாளை வீணடித்துக் கற்றுக்கொண்டேன். நூலை மெழுகுவர்த்தியில் இழுத்து எடுத்தால் சிக்காது. மடிப்பை அழுத்த ஸ்பூனின் முதுகு போதும். விரல் நுனியெல்லாம் ஊசிக் குத்து. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குப் பிறகு இருந்ததில்லை, சொல்வதில் வெட்கமும் இல்லை.

தேர்வுக்கு ஒவ்வொருவரும் ஒரு புத்தகத்தைத் தாமே எழுதி, அச்சடித்து, தைத்து, வெளியிட வேண்டும். நாற்பது பிரதி. நான் எங்கள் தெருவில் வேலை செய்யும் ஆறு பேரின் கைகளை எடுத்துக்கொண்டேன். ஒருவருக்கு ஒரு பாதித்தாள். முன்பக்கம் லினோ என்ற ரப்பர் மாதிரியான தகட்டில் செதுக்கி அச்சடித்த கை, பின்பக்கம் அவர் தன் வேலையைப் பற்றிச் சொன்ன நாலு வரி. லினோவில் செதுக்கினால் அச்சில் இடம் வலமாகத் திரும்பும் என்பதை மறந்துபோனேன். முதல் அச்சைப் பார்த்த முடி திருத்துபவர், "நான் எப்பம்மா இடது கைக்காரன் ஆனேன்?" என்று கேட்டார். ஆறையும் திரும்பச் செதுக்கினேன். கடைசிப் பக்கத்தில் 'வெளியிட்டவர்' என்று என் பெயரையே போட்டுக்கொண்டபோது, தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிற்று.

ஆறு பேரில் அப்பாவும் உண்டு, சித்தப்பாவும் உண்டு. ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரியாது. நான் மூச்சு விடவில்லை. கோழைத்தனம்தான். புத்தகமாகக் கையில் வந்துவிட்டால் யார் என்ன செய்ய முடியும் என்று கணக்குப் போட்டேன்.

சனிக்கிழமை கல்லூரியில் இந்தப் புத்தகங்களின் கண்காட்சி. புதன்கிழமை நாற்பதையும் தைத்து முடித்து, முதல் பிரதியைச் சித்தப்பாவிடம் கொண்டு போனேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். தன் கையைப் பார்த்தார், வலது கண் சுருங்கிற்று. "நகத்துல அழுக்கு வரைக்கும் போட்டிருக்கியே" என்றார். அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான். பிறகு மெல்லப் புரட்டி அப்பாவிடம் வந்தார். யாருடைய கை என்று அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

புத்தகத்தை மூடினார். "என் பக்கத்தை எடுத்துடும்மா."

"சித்தப்பா, தைச்சு முடிச்சாச்சு."

"உன்மேல கோபம் இல்ல. அவர் இருக்கிற இடத்துல நான் இருக்க மாட்டேன். எடுத்துடு."

படத்தில் இருப்பவர் கடைசி நிமிஷத்தில் வேண்டாம் என்றாலும் வேண்டாம்தான் என்பது நூல் மேடத்தின் சட்டம். மறுநாள் போய்ச் சொன்னேன். அவர் ஒரு பிரதியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "முழுசா உருவினா மறுபாதி கழண்டு விழும். விரல் அகலத்துக்கு ஓரத்தை விட்டுட்டு வெட்டு. அந்தத் துண்டு நூல்ல நின்னு மத்ததைப் பிடிச்சுக்கும்" என்றார். மறுபாதி யார் என்று அப்போதுதான் பார்த்தேன். அப்பா. நான் திட்டமிட்டு வைக்கவில்லை. தெருவில் வரிசையாக நடந்து, இரண்டாவதாகச் சித்தப்பாவையும் ஐந்தாவதாக அப்பாவையும் வரைந்தேன், அவ்வளவுதான்.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் ஸ்கேலும் பிளேடுமாக உட்கார்ந்தேன். அழுதுகொண்டே வெட்டினேன். கண்ணீர் தாளில் விழுந்துவிடக் கூடாதே என்று தலையைத் தள்ளி வைத்துக்கொண்டு அழுதது இப்போது சிரிப்பாக இருக்கிறது. முப்பத்தொன்று முடிந்தபோது அப்பா கடை மூடிவிட்டு வந்தார். ஒன்றை எடுத்துப் புரட்டினார். அந்தத் துண்டு அவர் கட்டைவிரலில் பட்டது.

"இங்க யாரு இருந்தது?"

"சித்தப்பா. நீங்க இருக்கிறதால வேண்டாம்னு சொல்லிட்டார்."

"அப்புறம் இந்தத் துண்டை மட்டும் ஏன் விட்ட?"

"அதையும் எடுத்தா நீங்க விழுந்துடுவீங்கப்பா."

நான் தாளைத்தான் சொன்னேன். அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சாப்பிடக் கூப்பிட்டதற்கும் எழுந்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவர் தன் கடையைத் திறக்கவில்லை. எதிர்க்கடையில் நாலைந்து பேர் சேரும்வரை ஷட்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். பிறகு சாலையைக் கடந்தார். பின்னாலேயே நானும் ஓடினேன்.

"அந்த வாட்ச் கெடச்சிருச்சு" என்றார் அப்பா, எல்லார் முன்னாலும். "நாலு வருஷமாச்சு. இழுப்பறைக்குப் பின்னால விழுந்து கிடந்தது. உன்மேல ஒரு தப்பும் இல்ல. நான் பேசினதுதான் தப்பு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாலு வருஷமாகத் தெரிந்தும் இந்த மனுஷன் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டா இருந்தார்? அப்பா மேல் அப்படி ஒரு கோபம் எனக்கு அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை.

சித்தப்பா லென்ஸை எடுக்காமல், குனிந்த தலை நிமிராமல், "தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"கெடச்சது தெரியும். நீ திருப்பிக் கொடுத்த அன்னைக்கே அந்த ஆளு வந்து சொன்னார்." லென்ஸைக் கழற்றிக் கீழே வைத்தார். "நீயா வந்து சொல்லுவேன்னுதான் பார்த்துட்டு இருந்தேன்."

சுவர்க் கடிகாரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்ற வாடிக்கைக்கார அம்மா ஒருவர், "உக்காருங்கண்ணே, எவ்ளோ நேரம் நின்னுட்டே இருப்பீங்க" என்று ஸ்டூலை நகர்த்தினார். அப்பா உட்கார்ந்தார். சித்தப்பா என் பக்கம் திரும்பினார்.

"எல்லாத்தையும் வெட்டிட்டியா?"

"முப்பத்தொண்ணு."

"வெட்டினதை வெச்சிருக்கியா, தூக்கிப் போட்டுட்டியா?"

"வெச்சிருக்கேன்."

"மறுபடி ஒட்ட முடியுமா?"

"விட்ட துண்டு மேல ஒட்டலாம் சித்தப்பா. ஆனா வெட்டி ஒட்டினது தெரியும்."

"நான் வேணா புதுசா தாள் வாங்கித் தரேன், முதல்லேர்ந்து..." என்று அப்பா ஆரம்பித்தார்.

"வேண்டாம்" என்றார் சித்தப்பா. "தெரியட்டும்."

அன்றைக்கே முப்பத்தொன்றையும் ஒட்டினேன். ஒட்டிய இடம் தடித்து, விறைப்பாக நின்றது. சனிக்கிழமை கண்காட்சியில் ஒட்டிய பிரதிகளில் எதை யார் எடுத்தாலும் அது தானாகச் சித்தப்பாவின் கையில்தான் திறந்தது. அவர் வரவில்லை, கடையில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அப்பா காலையிலேயே வந்து என் மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். அதே புத்தகத்தில் தானும் இருப்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. யார் திறந்தாலும் அருகில் போய், கேட்காமலேயே, "இது என் தம்பி கைங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.