வேறு ஆட்களுக்குச் சொல்லிவிட்ட வீடு

ஜப்பானில் நான் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். அங்கே போன நாலாம் வருடம் கணவரும் நானும் வாடகை வீடு தேடினோம். வீட்டுத் தரகர் எங்கள் முன்னாலேயே உரிமையாளர்களுக்குத் தொலைபேசி எடுப்பார். வெளிநாட்டவர்கள்தான், ஆனால் நமது மொழி நன்றாகப் பேசுகிறார்கள் என்பார். பிறகு கேட்டுக்கொண்டே இருப்பார். போனை வைத்துவிட்டுத் தலை தாழ்த்துவார். அந்த வீட்டை வேறொருவருக்குக் கொடுத்தாயிற்றாம். ஏழு வீடுகள் அப்படிப் போயின. ஏழாவது வீட்டின் விளம்பரம் அடுத்த மாதமும் தரகரின் கடைக் கண்ணாடியில் ஒட்டியபடியே இருந்தது. அவர்களின் தாய் தகப்பனை நான் குளிப்பாட்டலாம், மலம் துடைக்கலாம். அவர்களின் சுவருக்குள் படுக்கக் கூடாது. தெருவில் நின்று அழுதேன். துக்கத்தில் அல்ல, ஆத்திரத்தில்.

"வாடகைக்கு விடேக்கைதான் ஆரெண்டு பாப்பினம். விக்கேக்கை பாக்கமாட்டினம். வாங்குவம்," என்றார் கணவர்.

நிரந்தர வதிவுரிமை கிடைக்கும்வரை வங்கி எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. வேலையிடத்து விடுதியின் ஒற்றை அறையில் ஆறு வருடம் கிடந்தோம். பிறகு ஒரு பழைய மரவீட்டை வாங்கினோம். விற்றவர் எந்த நாடு என்றுகூடக் கேட்கவில்லை.

போன வருடம் விடுமுறையில் என் சொந்த ஊரான உரும்பிராய்க்கு வந்தேன். அங்கே எனக்குச் சீதனமாக வந்த வீட்டை அண்ணைதான் வாடகைக்கு விட்டுப் பார்த்துவந்தார். அப்போது அது காலியாகக் கிடந்தது, நான் அதில் தங்கியிருந்தேன். நான் குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தபோது ஓர் இளம் ஆசிரியர் மனைவியோடு வீடு பார்க்க வந்தார். பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றமாம். சொந்த ஊர் பருத்தித்துறைப் பக்கம்.

"அங்கை எவடம்?" என்று அண்ணை கேட்டார்.

அவர் சொன்னார்.

"கோயில் எது?"

அதையும் சொன்னார். குரல் இறங்கிவிட்டது. இங்கே பிறந்த எவருக்கும் அந்தக் கேள்வி விளங்கும். சாதியை வாய் திறந்து கேட்கத் தேவையில்லை.

"உது வேறை ஆக்களுக்குச் சொல்லிப்போட்டன், தம்பி."

நான் வெளியே வந்தபோது அவர்கள் வாசற் படலையைத் தாண்டிவிட்டார்கள்.

"ஆருக்கு அண்ணை சொன்னனீங்கள்?"

"உந்த ஊர் விசயம் உனக்கு விளங்காது, பிள்ளை. நீ இப்ப ஜப்பான்காரி."

"வீடு என்ரை பேரிலை இருக்கு."

"இருக்கட்டும். நான் இஞ்சை நாலு சனத்தோடை இருக்கவேணும்."

வெளியே ஒழுங்கைக்கு ஓடினேன். ஆசிரியர் மோட்டார் சைக்கிளில் ஏறியிருந்தார். வீடு என்னுடையது, நாளைக்கே வாருங்கள் என்றேன். மனைவிதான் பதில் சொன்னார்.

"வேண்டாம் அக்கா. நீங்கள் லீவு முடிஞ்சு ரெண்டு கிழமையிலை போயிடுவியள். நாங்கள் உந்த ஐயாவின்ரை முகத்திலைதானே முழிக்கவேணும்."

"அப்ப என்ன செய்யப்போறியள்?"

"காணி வாங்கிக் கட்டுவமெண்டும் பாத்தனாங்கள். எங்களுக்கு விக்கவும் மாட்டினமாம்."

சொல்லும்போது அவர் முகத்தில் கோபம்கூட இல்லை. அதுதான் என்னை எரித்தது. அந்நிய நாட்டில் அந்நியரான எங்களுக்கு, காசைக் கொடுத்தபோதாவது ஒரு வீடு கிடைத்தது. ஒரு மணித்தியால பஸ் தூரத்தில் பிறந்தவர்களுக்கு என் ஊரில் அதுவும் இல்லை.

அன்றே அண்ணையிடம் சாவியைப் பறித்தேன். பறித்தேன் என்றுதான் சொல்லவேண்டும், அவராகத் தரவில்லை. பக்கத்து ஊரான திருநெல்வேலியில் இருக்கும் பள்ளித் தோழியிடம் அதைக் கொடுத்து, யார் கேட்டாலும் ஊர் விசாரிக்காமல் விடச் சொன்னேன். அண்ணை என்னோடு கதைப்பதில்லை. வீட்டுக்கு இன்னும் எவரும் குடிவரவில்லை. பார்க்க வருபவர்களை அயலவர்கள் ஒழுங்கை முகப்பிலேயே மறித்து விசாரிக்கிறார்களாம்.