நர்ஸம்மா எழுதிக் கொடுத்த காகிதம்

கொரோனா தடுப்பூசி முகாமுக்கு நான் போட்டுட்டுப் போனது நானே தச்ச ரவிக்கை. நன்னிலத்துல தையல் கடை வச்சிருக்கேன். கை சிக்குன்னு இருந்தாத்தான் எனக்குத் திருப்தி. அன்னிக்கு அந்தக் கை மேல சுருளவே மாட்டேன்னுடுச்சு. பின்னாடி வரிசையில ஒரே கூச்சல். கழுத்துப் பக்கம் ரவிக்கையை இறக்கிவிட்டு, நர்ஸம்மாகிட்ட “இங்கயே போடும்மா, நேரமாவுது”ன்னேன். ஊசி மேல தள்ளி, தோள் மூட்டுக்கிட்ட இறங்கிடுச்சு.

அதுக்கப்புறம் கை தோளுக்கு மேல ஏறல. தலை பின்ன முடியல, மெஷின்ல துணி தள்ள முடியல. மாசக்கணக்கா கடை பாதி நாள் பூட்டித்தான் கெடந்துச்சு. ஊசியாலதான்னு டாக்டர் வாயால சொன்னாரு. எழுதித் தரச் சொன்னா நழுவிட்டாரு.

நான் வாய்க்காரி. ஊசி போட்ட நர்ஸம்மாவை நாலு பேர் முன்னாடி, “கண்ணு பொடனியிலயா இருக்கு?”ன்னு கேட்டுட்டேன். ரவிக்கையை இறக்கினது நான்தான்கிறதை மட்டும் வசதியா முழுங்கிட்டேன்.

நிவாரணம் கேட்டு திருவாரூர் கலெக்டர் ஆபீஸ்ல, திங்கக்கிழமை குறைதீர் கூட்டத்துல மனு கொடுத்தேன். விசாரணைக்கு என்னையும் நர்ஸம்மாவையும் கூப்பிட்டாங்க. அதிகாரி ஃபைலைப் புரட்டிட்டு, “ஊசியாலதான்னு ஆதாரம் எங்கம்மா?”ன்னாரு. “டாக்டர் வாயாலதான் சார் சொன்னாரு”ன்னேன்.

நர்ஸம்மா ஒரு காகிதத்தை நீட்டினாங்க. “நான்தான் சார் போட்டேன். போட வேண்டிய இடத்துக்கு மேல போட்டுட்டேன். எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன்.”

அவங்களுக்கு ஒப்பந்த வேலை. ஒரு வார்த்தையில வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. வெளிய வந்ததும், “பைத்தியமா உனக்கு? வேலை போயிடுமேம்மா!”ன்னு கத்தினேன்.

“உங்களுக்குக் கை போச்சேக்கா”ன்னாங்க. அட கடவுளே, அந்த வராண்டாவிலயே அழுதுட்டேன்.

அந்தப் புண்ணியவதி புண்ணியத்துல நிவாரணம் வந்துச்சு. வைத்தியமும் பாத்தேன், இப்ப நானே தலை பின்னிக்கிறேன். நெனைக்கிறப்பல்லாம் கும்பிடத்தான் தோணுது. ஆனா அவங்களுக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்துடுச்சுன்னு கேள்விப்பட்டதும் எனக்குச் சோறு எறங்கல.

அடுத்த திங்கக்கிழமை மறுபடி போய் வரிசையில நின்னேன். ரவிக்கையை இறக்கிவிட்டு அவசரப்படுத்தினது நான்தான், அந்தம்மாவை வேலையை விட்டு எடுக்காதீங்கன்னு மனுவுல எழுதியிருந்தேன்.

மனுவை வாங்கி சீல் வைக்கிறவரு அதைப் படிச்சுட்டு என்னை ஏற இறங்கப் பாத்தாரு. “இப்படி எழுதினா உனக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேப்பாங்கம்மா.”

“கேக்கட்டும் சார், சீல் வைங்க”ன்னேன்.