ஆல்பர்ட்டைக் கொடுத்து கலையரசனை வாங்கிய கதை

பனியனில் பெயர் ஒட்டுகிற தொழிலில் மெஷினின் சூட்டைப் பொறுத்துக்கொள்ளலாம். பெயர் போட்டுக்கொள்ள வருகிறவரின் சூட்டைத்தான் பொறுக்க முடியாது.

கடை வைத்திருப்பவர்களுக்கும், வந்தவர்களுக்கு ஸ்டூல் போட்டு மாட்டிக்கொண்டவர்களுக்கும் நான் சொல்லப்போவது புரியும். புதுப்பட்டினம் மார்க்கெட்டில் மீன் கடைகள் முடிந்து பாத்திரக் கடைகள் தொடங்கும் இடத்தில் என் கடை. வினைல் தாளில் எழுத்தை வெட்டி, பனியனின் முதுகில் வைத்து, சூடான தகட்டால் அழுத்தினால் பெயர் ஒட்டிக்கொள்ளும். பள்ளிக்கூட விளையாட்டு விழா, கட்சி ஊர்வலம், கோயில் அன்னதானம் என்று எல்லாவற்றுக்கும் ஒட்டியிருக்கிறேன். ஆனால் வருஷா வருஷம் என்னைப் படுத்தி எடுப்பது கூடைப்பந்துதான்.

எங்கள் கரையோரத்தில் ஆறு ஊர் அணிகள் சேர்ந்து ஒரு தொடர் நடத்துகின்றன. தொடங்குவதற்கு மூன்று வாரம் முன்னால் செங்கல்பட்டில் ஒரு மண்டபத்தில் கூடி, புது ஆட்டக்காரர்களை வரிசைப்படி எடுப்பார்கள். போன வருஷம் கடைசியாக வந்த அணிக்கு முதல் எடுப்பு. அதற்கு டிராஃப்ட் என்று பெயர். அன்றைக்கே அணிகள் தங்களுக்குள் ஆள் மாற்றிக்கொள்வதும் உண்டு. அந்த நாளில் எங்கள் ஊரில் பாதிப் பேர் வேலை செய்வதில்லை, என் கடையில் உட்கார்ந்துகொண்டு என்னையும் செய்ய விடுவதில்லை.

சேதி வந்தது

இந்த வருஷம் பதினொரு மணி வாக்கில் துரைசாமி சாரின் போனுக்குச் சேதி வந்தது. சார் ஒரு கேன்டீனில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பந்தைக் கையால் தொட்டதில்லை. ஆனால் எந்த ஆட்டத்தில் யார் எந்தப் பந்தை விட்டார் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

சேதி இதுதான். ஆறு வருஷமாகத் தூரத்திலிருந்து பந்தைப் போட்டு எங்களைக் காப்பாற்றி வந்த ஆல்பர்ட்டை நெம்மேலி அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். பதிலுக்கு நெம்மேலியின் முதல் எடுப்பை வாங்கி, அதில் செய்யூர் பக்கத்துக் கலையரசன் என்பவனை எடுத்திருக்கிறார்கள். சவுக்குக் கட்டையை லாரியில் ஏற்றுகிற ஆள். ஆறடி ஐந்து அங்குலம். அவன் ஆடி எங்கள் ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை.

கடையில் இருந்த ஆறு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பேக்கரி வைத்திருக்கும் மாலதி, உயரம்தான் வேண்டுமென்றால் ஒரு லைட் கம்பத்தை நட்டிருக்கலாம் என்றாள். துரைசாமி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டு, நிதானமாகச் சொன்னார்: “பாய், பால் கறக்கற பசுவ ஓட்டி வுட்டுட்டு, எவன் வூட்லயோ கன்னு போடும்னு சொன்ன வயித்த வாங்கினு வந்துகீறாங்க.”

உரித்த பெயர்

மறுநாள் ரவி வந்தான். மீனுக்கு ஐஸ் ஏற்றும் வண்டி ஓட்டுகிறவன். முதுகில் ஆல்பர்ட் பெயரோடு ஆறு வருஷம் அந்த ஒரே பனியனைப் போட்டுத் தேய்த்தவன். எதிரணிக்காரன் பெயரை நம் நிறத்தில் போட்டுக்கொண்டு திரியாதே என்று வண்டி ஸ்டாண்டில் எல்லோரும் அவனை ஏசிவிட்டார்களாம். பனியனைக் கழற்றி என் மேஜையில் வைத்துவிட்டு, வெளியே பார்த்துக்கொண்டு, பெயரை எடுத்துவிடச் சொன்னான். அவன் சொன்ன விதம் எனக்கே கஷ்டமாக இருந்தது.

சூடு காட்டி, இடுக்கியால் ஒவ்வொரு எழுத்தாக உரித்தேன். ஆறு வருஷத் துவைப்பில் பனியன் வெளுத்திருந்தது. எழுத்துக்கு அடியில் இருந்த துணி மட்டும் வெளுக்கவில்லை. வினைல் போன பிறகும் கருநீலத்தில் ஆல்பர்ட் அப்படியே நின்றான். இதற்கு மருந்து கிடையாது. மேலே வேறு பெயர் ஒட்டித் தருகிறேன் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். ரவி பனியனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். முகம் மலர்ந்துவிட்டது. “வுடு பாய், இதான் கரெக்ட். எடுத்துட்டேன்னு அவுங்க நெனச்சிக்கட்டும், எடுக்கலன்னு எனக்குத் தெரிஞ்சா போதும்.”

மேடம் சொன்னது

எங்கள் தொடரில் ஒரு வழக்கம் உண்டு. முதல் ஆட்டத்தன்று ஆட்டக்காரர்கள் தாமாக மைதானத்துக்குள் நுழைய மாட்டார்கள். அவரவர் பெயரைப் போட்டுக்கொண்ட ரசிகர் கேட்டில் போய் நின்று, கையைப் பிடித்து நடு வட்டம் வரை கூட்டி வர வேண்டும். யாருக்கு யார் என்று என் கடைச் சுவரில் ஒரு தாள் ஒட்டி வைப்பேன். இந்த வருஷம் ஒன்பது பெயருக்கு நேராக ஆள் இருந்தது. கலையரசனுக்கு நேராக ஒன்றும் இல்லை. சில வருஷம் முன்னால் ஒரு பையன் அப்படித் தனியாக நடந்து உள்ளே வந்தான். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த வருஷம் அவன் ஆட வரவேயில்லை.

அணியின் கோச் ஜெசிந்தா மேடம் தாளைப் பார்க்க வந்தார். பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். ஸ்டூலில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள், ஆனால் ஆல்பர்ட்டை அனுப்பியது அவர்தான் என்பதால் யாரும் சிரிக்கவில்லை. துரைசாமி சார் ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று நேராகவே கேட்டார். ஆல்பர்ட்டின் முழங்கால் போய்விட்டது, அவனும் அதை ஒப்புக்கொண்டுதான் போனான் என்று மேடம் சொன்னார். யாரும் நம்பவில்லை. மேடம் கலையரசனுக்கு நேராக இருந்த வெற்றிடத்தில் விரலை வைத்தார். “பந்து உள்ள போவறதத்தான் எல்லாரும் பாக்கறீங்க சார். உள்ள போவாத பந்து யாரு கையில வுழுதுன்னு ஒரு ஆளாவது பாருங்க.”

அவனே வந்தான்

அந்த வாரக் கடைசியில் கலையரசன் பஸ் ஏறி வந்தான். என் கடை ஷட்டருக்குக் குனிந்து நுழைந்த முதல் ஆள் அவன்தான். சட்டையில் சவுக்குப் பட்டையின் தூள். பேச்சு மெதுவாக வந்தது. இந்தக் கைப்பிடிக்கிற வழக்கத்தைப் பற்றி அணியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். தனக்கு யார் என்று கேட்டுவிட்டுப் போக வந்தானாம். நல்ல வேளை, நான் சுவரை மறைத்துக்கொண்டு நின்றேன்.

அவன் அம்மா முதல் ஆட்டம் பார்க்க வருகிறாளாம். மணிலாக் கொட்டை பறிக்கிற வேலைக்குப் போகிறவள். மகனை முதல் ஆளாக எடுத்தார்கள் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். ஆள் இருக்கிறது, பனியன் தயாராகிக்கொண்டிருக்கிறது என்று ஒரு பொய் சொன்னேன். மெஷின் ஒரு பெயரை ஒட்டும் நேரம்கூட ஆகவில்லை அந்தப் பொய்க்கு. அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். “ஒரு ஆளு போதும் பாய். நான் தனியா வந்தா எனக்கு ஒண்ணும் இல்ல, எங்கம்மா அத்தப் பாக்கக் கூடாது.”

யாரிடமும் சொல்லாதே

நீயே போட்டுக்கொள்ள வேண்டியதுதானே என்பீர்கள். பெயர் ஒட்டுகிறவன் யார் பெயரையும் போட்டுக்கொள்வதில்லை என்று முதல் வருஷமே பத்து ஆட்டக்காரர்களுக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறேன். இல்லையென்றால் ஒரு பெயர் கோணலாகப் போனாலும் அதற்கு ஒரு காரணம் கண்டுபிடிப்பார்கள். எனவே வந்தவர் போனவரிடமெல்லாம் அந்த அம்மாவைப் பற்றிச் சொன்னேன். எல்லோருக்கும் முன்னால் கேட்டபோது துரைசாமி சார் மேஜையைத் தட்டி முடியாது என்றார். மறுநாள் காலை நான் கடை திறக்குமுன் வாசலில் நின்றார். ஒன்று ஒட்டிவிடு, நியூஸ்பேப்பரில் சுற்றிக் கொடு, ரவிக்குத் தெரிய வேண்டாம் என்றார். மத்தியானம் ரவி வந்தான். உரித்த பனியன் வீட்டிலேயே இருக்கட்டும், புதிதாக ஒன்று போடு, சாருக்குத் தெரிய வேண்டாம் என்றான். அப்படியே நான்கு நாளில் ஒன்பது பேர். ஒவ்வொருவரும் தான் ஒருவர்தான் என்று நினைத்துக்கொண்டு போனார்கள். நானும் சொன்ன சொல் தவறாமல் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம். கை மெஷினில் வேலை செய்தது, தலை வேலை செய்யவில்லை.

கடைசியாக வந்தவள் மாலதி. எங்கள் கேப்டன் சதீஷின் பெயரைப் பல வருஷமாகப் போடுகிறவர்கள் இரண்டே பேர், அவளும் துரைசாமி சாரும். அப்படியானால் சதீஷுக்கு யார் என்று நான் கேட்கத்தான் கேட்டேன். பன் பாக்கெட் ஒன்றை என் மேஜையில் வைத்துவிட்டு அவள் சொன்னாள்: “அவனுக்கு இன்னா பாய், அதான் தொரசாமி சார் கீறாரே.”

கேட்டருகில்

முதல் ஆட்டம் எங்கள் மைதானத்தில், அதுவும் நெம்மேலியோடு. சாயங்காலம் நான்கு மணி. முன் வரிசையில் ஒரு மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு கலையரசனின் அம்மா உட்கார்ந்திருந்தாள். ரசிகர்கள் பனியனுக்கு மேலே போட்டிருந்ததைக் கழற்றிவிட்டு கேட்டுக்குப் போனார்கள். ஒரு முதுகில் கலையரசன். பக்கத்து முதுகிலும் கலையரசன். ஒன்பது முதுகில் கலையரசன். ரவி சாரைப் பார்த்தான், சார் மாலதியைப் பார்த்தார், பிறகு எல்லோரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். வழக்கப்படி கேப்டன்தான் முதலில் வர வேண்டும். சதீஷ் கையை நீட்டிக்கொண்டு நின்றான். அவன் பெயரில் ஒரு பனியன்கூட இல்லை. அவன் முகம் போன போக்கைப் பார்த்து, பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.

அதற்குள் ஒன்பது பேரும் நான்தான் முதலில் சொன்னேன் என்று கலையரசனின் கைக்குச் சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள். அவன் எல்லோருக்கும் மேலாகத் தலையைத் தூக்கி முதலில் அம்மா இருந்த இடத்தைப் பார்த்தான். அவள் எழுந்து நின்று முதுகுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். பிறகு அவன் துரைசாமி சாரின் கையையும் மாலதியின் கையையும் எடுத்து, கொண்டுபோய் சதீஷின் கைகளில் வைத்தான். “எனக்கு ஆளு ஜாஸ்தியா கீறாங்க கேப்டன், இவுங்க ரெண்டு பேர நீங்க எடுத்துக்குங்க. பதிலுக்கு ஆட்டத்துல அப்பப்ப பந்து குடுத்தா போதும்.”

அன்றைக்கு நாலு புள்ளியில் தோற்றோம், கடைசிப் பந்தைப் போட்டது ஆல்பர்ட். இந்த வருஷம் நடந்த இரண்டு ஆள் மாற்றங்களில் முதலாவது லாபமா நஷ்டமா என்று என் கடையில் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள், கேட்டில் நடந்த இரண்டாவதைப் பற்றி மட்டும் ஒருவரும் வாயைத் திறப்பதில்லை.