ஏழு மைல் டின்பால்

அந்தக் காலத்தில் கடையில் டின்பால் வாங்கினால் ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார்கள். மலாயாவை வெள்ளைக்காரன் ஆண்டபோது வந்த அவசரகாலச் சட்டம் அது. முழு டின்னாகக் கொடுத்தால் ஆட்கள் சேர்த்து வைத்துக் காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அனுப்பிவிடுவார்களாம். ஓட்டை விழுந்த டின் ஒழுகும், எறும்பு மொய்க்கும், காடு வரை போய்ச் சேராது. சட்டம் எழுதியவர்கள் காரில் போகிறவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஓட்டை போட்ட டின்னைக் கையில் பிடித்துக்கொண்டு சைக்கிள் கேரியரில் ஏழு மைல் உட்கார்ந்து பார்த்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பார்கள்.

எங்கள் ரப்பர் தோட்டம் சுங்கைப்பட்டாணியிலிருந்து அலோர் ஸ்டார் போகும் சாலையில் ஏழாவது மைலில் இருந்தது. தோட்டத்துக் கடையில் டின்பால் விற்கக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். தம்பி பிறந்து நாலு மாதம். பிரசவத்துக்குப் பின் வந்த காய்ச்சலில் அம்மாவுக்குப் பால் வற்றிப்போயிருந்தது. வாரத்துக்கு ஒரு டின்தான் எங்கள் ரேஷன் அட்டைக்குக் கிடைக்கும். அதையும் கஞ்சித் தண்ணீரில் கலந்து கலந்து அம்மா ஏழு நாளைக்கு நீட்டுவாள். அந்த ஒரு டின்னுக்காக அப்பா ஞாயிற்றுக்கிழமைதோறும் டவுனுக்கு சைக்கிள் மிதிப்பார். எனக்குப் பத்து வயது. டின்னைப் பிடித்துக்கொள்வது என் வேலை.

கடைக்கார நானா ஆணியை வைத்துச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டுவார். எதிரெதிராக இரண்டு ஓட்டை. அதன்மேல் இரண்டு கட்டைவிரலையும் அழுத்திக்கொண்டு, குண்டும் குழியும் வரும்போது டின்னை மட்டும் ஆடாமல் தூக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். வெயிலில் பால் இளகி விரலிடுக்கில் கசியும். அப்பா திரும்பிப் பார்க்க முடியாது என்பதால் அவ்வப்போது நக்கிக்கொள்வேன். அதை என் சம்பளம் என்றே நினைத்திருந்தேன்.

இந்த வேலைக்கு எமன் டாக்சி. அலோர் ஸ்டாருக்கும் சுங்கைப்பட்டாணிக்கும் ஓடும் டாக்சிகள் ஆட்களை அடைத்துக்கொண்டு பேய் வேகத்தில் வரும். தார்ச்சாலை குறுகலானது. தாரை விட்டு இறங்கினால் செம்மண், அதற்கப்பால் லாலான் புல், அதற்கப்பால் கால்வாய். சைக்கிளில் போகிறவனுக்குத் தாரில் இடம் உண்டு என்பதையே டாக்சிக்காரர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. பின்னாலிருந்து ஹார்னை அடித்துக்கொண்டே வந்து முழங்கையை உரசுவதுபோல் போவார்கள். போகிற போக்கில் தோட்டத்தான் என்று ஏதாவது சொல்லிவிட்டும் போவார்கள். அவர்களில் ஒருவர் கழுத்தில் எப்போதும் சிவப்புத் துண்டு போட்டிருப்பார். எங்களைத் தாண்டும்போது கையை வெளியே விட்டுக் கதவைப் படாரென்று அறைவார். நாங்கள் துள்ளுவதைப் பார்க்க அவருக்கு அவ்வளவு ஆசை.

அப்பாவிடம் இதற்கு ஒரே ஒரு வழி இருந்தது. தூரத்தில் ஹார்ன் கேட்டதும் சைக்கிளை விட்டு இறங்குவார். என்னையும் சைக்கிளையும் சேர்த்து லாலானுக்குள் தள்ளிக்கொண்டு போய், ஹேண்டிலை இரண்டு கையாலும் பிடித்தபடி தலையைக் குனிந்து நிற்பார். டாக்சி போய்ப் புழுதி அடங்கியபின் மறுபடியும் ஏறுவார். ஏழு மைலுக்குள் பத்துப் பன்னிரண்டு முறை இது நடக்கும். புழுதி கண்ணில் விழாமல் இருக்கத்தான் குனிகிறார் என்று அம்மா சொல்வாள். எனக்கு அது கும்பிடு போடுகிற மாதிரி தெரிந்தது. நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளின் பிள்ளைகளும் பார்த்திருந்தார்கள். டாக்சியைக் கண்டால் உன் அப்பா லாலானில் ஒளிந்துகொள்வாராமே என்று கேட்டுச் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. அப்பா மேல்தான் கோபம் வந்தது, டாக்சிக்காரர் மேல் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காற்று எதிர்த்திசையில் அடித்ததால் ஹார்ன் கேட்கவில்லை. சிவப்புத் துண்டுக்காரர் டாக்சியை எங்களை ஒட்டிக் கொண்டுவந்து கதவை அறைந்தார். அப்பா சைக்கிளோடு லாலானில் சாய்ந்தார். அடி ஒன்றும் படவில்லை. டின் மட்டும் என் மடியில் கவிழ்ந்து பாதிக்கு மேல் பாவாடையில் கொட்டிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைத் திட்டவில்லை. பாவாடையை அவிழ்த்து விரித்து, கரண்டியால் பாலை வழித்துக் கிண்ணத்தில் சேர்த்தாள். மண்ணும் புல்லும் கலந்திருந்தது. துணியில் வடிகட்டிப் பார்த்தாள். பிறகு வெளியே ஊற்றிவிட்டாள். மிச்சப் பால் மூன்று நாளைக்குத்தான் வந்தது. அதற்குப்பின் தம்பி சர்க்கரை போட்ட கஞ்சித் தண்ணீரைக் குடித்துவிட்டு மெலிந்த குரலில் அழுதுகொண்டே கிடந்தான். அந்த அழுகைக்கு நான்தான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. எனக்கே தெரிந்தது.

அந்த வாரம்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் நாங்கள் எல்லாவற்றையும் ரப்பர் பாலால்தான் ஒட்டுவோம். கிழிந்த புத்தகம், பிய்ந்த செருப்பு, கத்தி கீறிய விரலைக்கூட. ஸ்டோரில் மருந்து ஊற்றி வைத்திருக்கும் பால் சீக்கிரம் உறையாது. சனிக்கிழமை அதில் கொஞ்சத்தைத் தைலப் புட்டியில் பிடித்துப் பாவாடை முடிச்சில் செருகிக்கொண்டேன். மறுநாள் டவுனில் அப்பா சைக்கிள் கடையில் காற்றடித்துக்கொண்டிருந்தபோது, நானாவின் கடை வாசலில் உட்கார்ந்து டின்னின் இரண்டு ஓட்டைகள் மேலும் ரப்பர் பாலைத் தடவினேன். அதன்மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி மறுபடியும் தடவினேன். வெயில் சுள்ளென்று அடித்ததால் சீக்கிரம் காய்ந்துவிட்டது. டின்னைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன். ஒரு சொட்டு விழவில்லை. அன்றைக்கு என்னைப்போல் கெட்டிக்காரி கெடா மாநிலத்திலேயே இருந்திருக்க மாட்டாள். டின்னைப் பையில் போட்டேன். அப்பாவிடம் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் அம்மா முன்னால் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொண்டேன்.

டவுனைத் தாண்டியதும் அப்பாவின் முதுகில் தட்டினேன்.

"அப்பா, இன்னிக்கு டாக்சி வந்தா எறங்காதீங்கப்பா. பால் கொட்டாது."

"ஏன் கொட்டாது?"

"கொட்டாதுப்பா. நீங்க எறங்க வேணாம்."

அதோடு நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

"லயத்துல எல்லாரும் சிரிக்கிறாங்கப்பா. நீங்க பயந்தாங்கொள்ளியாம்."

பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அவருடைய முதுகு மட்டும்தான் தெரிந்தது. அது சற்று நேரம் அசையாமல் அப்படியே இருந்தது. சைக்கிள் தானாக உருண்டது. பிறகு மறுபடியும் மிதிக்கத் தொடங்கினார்.

நாலாவது மைலுக்குப் பக்கத்தில் ஹார்ன் கேட்டது. அப்பா இறங்கவில்லை. ஹார்ன் நெருங்கியது, விடாமல் அடித்தது. அப்பா தாரின் ஓரத்திலேயே நேராகப் போய்க்கொண்டிருந்தார். நான் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். பயத்தில் மூடினேன் என்று இப்போது சொல்வேன், ஆனால் அப்போது எனக்கு உள்ளுக்குள் சிரிப்பாக இருந்தது. கதவை அறையும் சத்தம் கேட்டது. டாக்சியின் பக்கவாட்டுத் தகடு ஹேண்டிலைத் தட்டியது. செம்மண்ணில் விழுந்து இழுபட்டோம். அப்பாவின் முழங்கால் கிழிந்து ரத்தம் வழிந்தது. எனக்கு முழங்கை தேய்ந்தது. எழுந்ததும் நான் முதலில் பையைத் திறந்து டின்னைத்தான் பார்த்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. டாக்சி நிற்காமல் போய்விட்டது.

அரை மைல் தள்ளிப் போலீஸ் சாலையை மறித்துச் சோதனை போடும் இடம். வண்டிகள் வரிசையில் நின்றன. சிவப்புத் துண்டுக்காரரின் டாக்சியும் நின்றது. பிள்ளையோடு சைக்கிளில் வருகிற அப்பாவை அங்கே எல்லோருக்கும் தெரியும். அடையாளக் கார்டைப் பார்த்துவிட்டுப் போ என்று கையைக் காட்டுவார்கள். அன்றைக்கும் அப்படியே போயிருக்கலாம். அப்பா சைக்கிளை நிறுத்திவிட்டு டாக்சியின் கதவைப் போய்ப் பிடித்துக்கொண்டார். அவர் யாரிடமும் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை.

"புள்ள ஒக்காந்திருக்கிறது கண்ணு தெரியலையா உங்களுக்கு? செத்துப் போயிருந்தா என்ன செய்வீங்க?"

"ஹார்ன் அடிச்சேன்லா. எறங்க வேண்டியதுதானே. ஆறு மணிக்குள்ள ரோட்ட அடைச்சிருவான். இதோட மூணு எடத்துல நிப்பாட்டிட்டான். என் நேரத்த நீ தருவியா?"

அப்பா கதவை விடவில்லை. டாக்சிக்காரர் இறங்கி அவரைத் தள்ளினார். அப்பாவும் தள்ளினார். இரண்டு போலீஸ்காரர்கள் ஓடி வந்து பிரித்தார்கள். சண்டை போட்டால் சும்மா விடுவார்களா? இரண்டு பேரையும் ஓரமாக நிற்க வைத்து எல்லாவற்றையும் சோதனை போட்டார்கள். டாக்சியில் ஒன்றும் இல்லை. என் பையில் டின் இருந்தது.

போலீஸ்காரர் டின்னைத் திருப்பிப் பார்த்தார். நகத்தால் காகிதத்தைக் கீறினார். ரப்பர் பால் நீளமாக இழுபட்டு உரிந்தது, அடியில் ஓட்டை தெரிந்தது. அவர் கூப்பிட்டதும் கூடாரத்துக்குள் இருந்த வெள்ளைக்கார அதிகாரி வந்தார். ஓட்டை போடாத டின்னாக இருந்தால்கூடக் கடைக்காரன் மேல் குற்றம் என்று விட்டிருப்பார்கள் போலிருக்கிறது. இது ஓட்டை போட்டதை மறுபடி அடைத்த டின். காட்டுக்குப் போகிற டின் வேறு எப்படி இருக்கும்? யாருடையது என்று மலாயில் கேட்டார்கள்.

அப்பா டின்னைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் பாவாடை முடிச்சில் தைலப் புட்டி துருத்திக்கொண்டிருந்தது. அவர் எனக்கு முன்னால் வந்து நின்று என்னை மறைத்துக்கொண்டார்.

"சாயா புஞ்ஞா, துவான்" என்றார்.

தன்னுடையது என்று சொல்கிறார். அந்த அளவுக்கு எனக்கு மலாய் தெரியும். அடைத்ததும் தான்தான் என்றார். நான்தான் ஒட்டினேன் என்று சொல்ல எனக்கு இரண்டு வார்த்தை போதும். நான் சொல்லவில்லை. அப்பா பொய் சொல்கிறாரே, அம்மாவிடம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றுதான் அந்த நேரத்தில் நினைத்தேன்.

அவரை லாரியில் ஏற்றினார்கள். டாக்சிக்காரரின் முகம் வெளுத்துவிட்டது. கைக்குழந்தைக்கு வாங்கிய பால், இந்த ஆள் வாராவாரம் வாங்கிக்கொண்டு போவதை நான் பார்க்கிறேன் என்று அவர் ஒவ்வொரு போலீஸ்காரராகப் போய் மலாயில் கெஞ்சினார். வண்டியை எடுத்துக்கொண்டு போகச் சொல்லி விரட்டினார்கள். அவர் சைக்கிளை டாக்சியின் பின்னால் கட்டி, என்னை முன் சீட்டில் உட்கார வைத்துத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். நான் அதுவரை காரில் ஏறியதில்லை. லயத்து வாசலில் இறங்கியபோது பிள்ளைகள் ஓடி வந்தார்கள். நான் துரைசானி மாதிரி மெதுவாக இறங்கினேன்.

அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் சொன்னதைக் கேட்டாள். எல்லாம் கேட்டபின் "பாலு?" என்றாள். டின்னைப் போலீஸ் வைத்துக்கொண்டது என்றார் அவர்.

அடுத்த ஞாயிறு அந்த டாக்சி தோட்டத்துக்குள் வந்தது. எங்கள் அட்டைக்குரிய டின்னை நானாவிடம் வாங்கி, மடியில் நிறுத்தி வைத்துக்கொண்டு ஓட்டி வந்திருந்தார். அம்மா அவர் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள். அவளுக்கு வேறு வழி இல்லை. விடியலில் அப்பாவுக்கு ஒதுக்கிய நிரையில் பாலெடுக்க ரப்பர் மரம் வெட்டப் போனாள், வந்ததும் தம்பிக்குப் பால் கலக்கினாள். டின்னை அடைத்த புத்தி கெட்ட மனுசன் என்று அக்கம்பக்கத்தில் அப்பாவைத் திட்டி அழுதாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அப்பா தடுப்பு முகாமில் கிடக்க, மாதங்கள் போயின. ஞாயிறு தவறாமல் டாக்சி வந்தது. எனக்கு ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்றிருக்கும். திரும்பிப் போகும்போது அவர் என்னைத் தோட்டத்துக் கேட் வரைக்கும் ஏற்றிக்கொண்டு போவார். நான் நடந்து திரும்பி வருவேன். கோழியோ ஆடோ குறுக்கே வந்தால் ஹார்னை அழுத்த விடுவார். இதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

ஒரு ஞாயிறு மத்தியானம் அப்படிப் போய்க்கொண்டிருந்தபோது எதிரில் ஒருவர் மண்சாலையின் நடுவில் நடந்து வந்தார். மொட்டைத்தலை, எலும்பும் தோலுமான உடம்பு, கையில் ஒரு துணி மூட்டை. டாக்சிக்காரர் சொல்வதற்குள் நான் எட்டி ஹார்னை அழுத்தினேன். அந்த ஆள் பதறிப்போய் லாலானுக்குள் இறங்கினார். மூட்டையை இரண்டு கையாலும் பிடித்தபடி தலையைக் குனிந்து நின்றார்.

டாக்சிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங் மேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டார். எதற்கென்று எனக்குப் புரியவில்லை. லாலானுக்குள்ளிருந்து அப்பா தலையை நிமிர்த்திப் பார்த்தார். முன் சீட்டில் என்னைப் பார்த்தார், ஹார்ன் மேலிருந்த என் கையைப் பார்த்தார். பிறகு சிரித்தார். நான் காரில் வருகிறேனே, அந்தப் பெருமையில்தான் சிரிக்கிறார் என்று நினைத்து, அவருக்காக இன்னொரு தடவை அழுத்தினேன்.